எண்ணூற்றைம்பதுக்கு மேல் காட்டாதே

மே 5, ஞாயிறு

ஃபில்டர் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி நாலு மாதமாக வெறுமனே கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். ஜூன் பத்தாம் தேதி தஞ்சாவூரில் என் மனைவி தவமணிக்கு ஆபரேஷன். நாள் எண்ணுவதற்கு ஒரு இடம் வேண்டும்.

ஆபரேஷன் சின்னதுதான். இடது பக்கம் ஒரு கட்டி, எலுமிச்சங்காய் அளவுகூட இல்லை. எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று டாக்டர் சொன்னாராம். நான் ஜூன் ஆறாம் தேதி விமானம் ஏறினால் போதும். லீவுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பாஸ்போர்ட் வழக்கம்போல் ஆபீஸ் அலமாரியில், பூட்டில்.

இங்கே வளைகுடாவில் ஒரு மாலில் ஏ.சி. பார்த்துக்கொண்டிருந்த என்னை இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றி ஒரு மாதம் ஆகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. மூன்று மாடி. ஜன்னல்கள் எல்லாம் பதித்த கண்ணாடி, ஒன்றும் திறக்காது. உள்ளே வருகிற காற்றுக்கு நான்தான் பொறுப்பு. வெளியே இன்று நாற்பத்து மூன்று டிகிரி.

மே 6, திங்கள்

ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் சோப்புப்பெட்டி அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. அறையில் கரியமிலவாயு எவ்வளவு என்று பார்க்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு என்று எண் காட்டும். ஆயிரத்தைத் தாண்டினால் மொட்டைமாடியில் இருக்கும் டேம்பர் என்கிற தகட்டுக் கதவு தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். அவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

சென்சார் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க ஒரு கை மீட்டர் உண்டு. கை மீட்டர் சரியா என்று பார்க்க மொட்டைமாடிக்குப் போய், கடல் பக்கமிருந்து காற்று வருகிற நேரமாகப் பார்த்து வெளியே வைக்க வேண்டும். வெளிக்காற்று என்பது மாறாத ஒன்று, அதை வைத்து மற்றதை அளக்கலாம் என்றுதான் பழைய கையேட்டில் போட்டிருந்தது. அதில் அச்சடித்த எண்ணை நானே மூன்று தடவை அடித்துத் திருத்தியிருக்கிறேன். நான் இங்கே வந்த 2010-இல் 390. இன்று 426. அந்த வருஷம் என் மகள் கௌசிகாவுக்கு ஒரு வயது.

ஜபருல்லாவிடம் சொன்னேன். பள்ளி பஸ் ஓட்டுகிறவர், கட்டுமாவடிக்காரர், தொழிலாளர் கேம்ப்பில் எனக்குப் பக்கத்துக் கட்டில்.

"அம்புட்டும் நாம விடுற மூச்சா மாப்ள?" என்றார்.

"மூச்சு இல்ல. நாம விடுறது சோத்துலேருந்து வருது. சோறு பயிர்லேருந்து, பயிர் காத்துலேருந்து. அது சுத்திக்கிட்டே இருக்கும். மண்ணுக்கடியில கெடந்தத தோண்டி எடுத்து எரிக்கிறோம்ல, அதுதான் புதுசா வந்து சேருது."

"அப்ப என் பஸ்ஸு?"

"ஒங்க பஸ்ஸு, என் ஏ.சி., அந்தா தெரியுதுல்ல கரண்ட் ஃபேக்டரி, எல்லாந்தான்."

அவர் மீட்டரை வாங்கி அதன்மேல் ஊதினார். எண் ஐயாயிரத்துக்குப் பாய்ந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

மே 8, புதன்

எழில்வாணன் சார் கூப்பிட்டார். கட்டடப் பராமரிப்பு மேனேஜர். கோயம்புத்தூர்க்காரர். என்னைப் போன்றவர்களைக்கூட உட்காரச் சொல்லித்தான் பேசுவார்.

"வாங்க பூமிநாதன், உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பட்டயம். குறைவான மின்சாரத்தில் ஓடும் பசுமைக் கட்டடம் என்று போன வருஷம் கொடுத்தது.

"அடுத்த மாசம் இதக் குடுத்தவங்க மறுபடி பாக்க வர்றாங்க. ஏப்ரல்ல ஏ.சி. இழுத்த கரண்ட்டப் பாத்தீங்களா? வெளிய இருக்கற அனலை உள்ள விட்டு அதக் குளுர வெக்கறதுலயே பாதி போயிருதுங்க. டேம்பர் தொறக்காம இருந்தாப் போதும்."

"சென்சார் ஆயிரம் காட்டுனா அதுவாத் தொறக்கும் சார்."

"அதான். காட்டாம இருக்கட்டும்."

எண்ணூற்றைம்பதுக்கு மேல் எந்தச் சென்சாரும் காட்டக் கூடாது என்று கண்ட்ரோல் ரூம் கணினியில் ஒரு வரம்பு போட்டுவிட வேண்டும். ஜூன் கடைசியில் பள்ளி லீவு விட்டதும் எடுத்துவிடலாம். அறைகளின் எண்களை அவரே வாய்விட்டுச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.

"இது விஷவாயு ஒண்ணும் இல்லீங்களே. கொஞ்சம் கொட்டாவி வரும், அவ்வளவுதான?" என்றார். பிறகு நான் எழுந்தபோது, "உங்க லீவு பேப்பர் என் டேபிள்லதான் இருக்குங்க. வீட்டுல உடம்பு சரியில்லைன்னு போட்டிருந்தீங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

நல்ல மனிதர்தான். விசாரிக்கிறாரே.

மே 9, வியாழன்

முப்பத்தொரு அறைகள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மே 12, ஞாயிறு

வெள்ளி, சனி விடுமுறை. துணி துவைத்தேன். தலை முடி வெட்டிக்கொண்டேன். தவமணி இரண்டு நாளும் போனை எடுக்கவில்லை; கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று கௌசிகா சொன்னாள். தவமணி வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவள் இல்லை. பெருமாள் கோயிலாக இருக்கலாம், சனிக்கிழமை.

நேற்றுக் காலை கேம்ப் அறையில் கை மீட்டரை வைத்துப் பார்த்தேன். எட்டுக் கட்டில், எட்டுப் பேர், ஒரு ஏ.சி., இழுத்துச் சாத்திய கதவு. 3,150. காலையில் எழும்போது எட்டுப் பேருக்கும் மண்டை கனப்பதற்குக் காரணம் வெயில் என்றுதான் பதினாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோம். கதவைத் திறந்து வைத்தேன். கால் மணி நேரத்தில் அறை அடுப்பாகிவிட்டது. "சாத்துய்யா" என்று நாலு பேர் சத்தம் போட்டார்கள். சாத்தினேன்.

மே 14, செவ்வாய்

யு.கே.ஜி. மெர்லின் டீச்சர் வழியில் நிறுத்தினார். தூத்துக்குடிப் பக்கம். வயது முப்பது இருக்கும்.

"அண்ணே, எங்க ரூம் ஏ.சி.ல ஏதும் கோளாறா? பதினோரு மணியானா பிள்ளைங்க எல்லாம் சொக்கிப்போய் விழுதுங்க. எனக்கும் நெத்திப்பொட்டு விண்ணுன்னு தெறிக்கி."

சுவரில் இருந்த சென்சாரைக் காட்டினேன். 850. பச்சை விளக்கு.

"இது ஆயிரத்துக்குக் கீழ இருந்தா நல்ல காத்துன்னு அர்த்தம் டீச்சர்."

"அப்ப நாந்தான் ராத்திரி ஒழுங்காத் தூங்கல போல" என்று சிரித்தார்.

கை மீட்டர் கொண்டு போயிருந்தால் சரிபார்த்திருக்கலாம். கொண்டு போகவில்லை.

மே 16, வியாழன்

தவமணி பேசினாள்.

"சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. கட்டியிலேருந்து ஏதோ எடுத்து சோதனைக்கு அனுப்புனாங்கன்னியே, ரிசல்ட் வந்துருச்சா?"

"வரும், வரும். அதுக்கு என்ன அவசரம்? நீங்கதான் ஆறாந்தேதி வர்றீகள்ல. வந்து டாக்டர்கிட்ட நீங்களே கேட்டுக்கங்க."

"நிச்சயமா வந்துருவேன்."

"லீவு குடுத்துட்டாகளா?"

"குடுத்த மாதிரிதான்."

அவள் பக்கத்தில் மிக்சி ஓடியது. பிறகு புடலங்காய் பற்றிச் சொன்னாள்.

மே 19, ஞாயிறு

யு.கே.ஜி.யில் மகிழினி என்ற பிள்ளை நாற்காலியில் தூங்கி, முகம் குப்புற விழுந்து, கீழ் உதடு கிழிந்துவிட்டது. மூன்று தையல். ஐந்து வயது. நான் அந்த நேரத்தில் தண்ணீர்த்தொட்டி பம்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரத்தம் துடைத்த துணியோடு ஆயா படியில் இறங்கியதைப் பார்த்தேன்.

பம்ப்பில் பேரிங் மாற்ற வேண்டும்.

மே 20, திங்கள்

மெர்லின் டீச்சருக்கு மெமோ. வகுப்பைச் சுறுசுறுப்பாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, கவனக்குறைவு என்று. வகுப்புக் கதவைத் திறந்து போட்டுக் குளிர்க்காற்றை வீணாக்கினார் என்றும் ஒரு வரியாம். அதை எழுதச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும்.

"ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்ணே. சத்துக் கொறவா இருக்குமோன்னு இரும்புச் சத்து மாத்திர குடுத்துருக்காவ" என்றார். "ஆனா ஒண்ணு. இந்தப் பெட்டிய நான் ஒரு வாரமாப் பாக்கேன். ஒன்பது மணிக்குப் பாத்தாலும் எண்ணூத்தம்பது. மத்தியானம் பாத்தாலும் எண்ணூத்தம்பது. இருபத்தெட்டு பிள்ளைங்க உள்ள இருக்கு. அது கூடவே கூடாதா?"

"நல்ல மிஷின் டீச்சர்" என்றேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது.

மே 21, செவ்வாய்

பதினாலாம் தேதி கை மீட்டர் என் பையில்தான் இருந்தது. அன்று டீச்சர் பிள்ளைகளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனதும் நான் அந்த அறைக்குள் போய்ப் பார்த்தேன். 2,780. டைரியில் மாற்றி எழுதினேன். யாருக்காக அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. இதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

இன்று நேரம் வைத்துப் பார்த்தேன், ஒயர் சோதிப்பது போல் பாவனை செய்துகொண்டு. எட்டு மணி 900. ஒன்பதரை 1,900. பதினொன்று 2,850. பன்னிரண்டரை 3,200. எங்கள் கேம்ப் அறையைவிட அதிகம். சுவரில் எண்ணூற்றைம்பது, பச்சை விளக்கு.

மே 23, வியாழன்

எழில்வாணன் சாரிடம் போனேன். சின்ன வகுப்புகளுக்காவது வரம்பை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்துப் புகைபோக்கிகளைக் காட்டினார்.

"இந்த ஊர்க் கரண்ட் எல்லாம் எதுல வருதுங்க? எரிவாயு எரிச்சுத்தான? நீங்க டேம்பரத் தொறந்தா ஏ.சி. கூட ஓடோணும். ஏ.சி. கூட ஓடுனா அங்க கூட எரியோணும். அதுல வர்றதும் இதே கரியமிலவாயுதான். வருசத்துக்கு எத்தன டன்னுன்னு கணக்கு வெச்சிருக்கேன். நாம செய்யறது உலகத்துக்கே நல்லதுங்க. பட்டயம் சும்மாவா குடுத்தாங்க?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மொட்டைமாடியில் நானே வருஷா வருஷம் ஏறப் பார்த்த எண்தான் அது.

"ஆறாந்தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம்தாங்க இருக்கு" என்று தோளைத் தட்டினார்.

மே 24, வெள்ளி

ஜபருல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துக் கையைத் துடைத்தார்.

"அந்த மேனேஜரு ரூம்புக்கு அந்தத் தகட்டுக் கதவு தொறந்திருக்கா, மூடியிருக்கா மாப்ள?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் எழுதிக்கொண்ட முப்பத்தொன்றும் வகுப்பறைகள் என்பதை அப்போதுதான் யோசித்தேன்.

மே 26, ஞாயிறு

ஆபீஸ் பகுதியில் பார்த்தேன். எழில்வாணன் சார் அறை 610. முதல்வர் அறை 590. சேர்மன் வந்தால் உட்காரும் அறை, வருஷத்தில் நாலு நாள் ஆள் இருக்கும் அறை, 440. டேம்பர்கள் எல்லாம் அகலத் திறந்திருக்கின்றன.

பிறகு கலையரங்கம். அறுநூறு நாற்காலி. ஆண்டு விழாவுக்கும் போட்டிகளுக்கும் மட்டும் திறப்பது. அதில் இருபத்து நாலு மணி நேரமும் பத்தொன்பது டிகிரியில் ஏ.சி. ஓடுகிறது. கம்பளமும் திரையும் பாழாகாமல் இருக்கவாம். ஒரு ஈ கூட இல்லாத இடத்தில் நின்றபோது எனக்குக் குளிரில் பல் கிட்டியது.

பள்ளி விடுகிற நேரம் வெளிக்காற்று உள்ளே வரும் குழாய் வாயைப் போய்ப் பார்த்தேன். அதற்கு நேர் கீழேதான் கார் நிறுத்துமிடம். பிள்ளைகளை அழைத்துப் போக வந்த ஐம்பது, அறுபது கார்கள். எல்லாவற்றிலும் இன்ஜின் ஓடிக்கொண்டே, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உள்ளே ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுகிறார்கள். பக்கத்தில் ஜபருல்லாவின் பஸ் உட்படப் பதினோரு பஸ்கள், அவையும் ஓடிக்கொண்டே. அவரும் வேறு என்ன செய்வார்? நிறுத்தினால் பஸ் உலை மாதிரிக் கொதிக்கும், பிள்ளைகள் ஏற மாட்டார்கள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தன் பெட்டியைக் குளிர வைத்துக்கொள்கிறார்கள்.

கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பார்த்தேன். கலையரங்கத்தை இருபத்தெட்டு டிகிரிக்கு ஏற்றிவிட்டால், அதில் மிச்சமாகும் மின்சாரத்தில் முப்பத்தொரு வகுப்புக்கும் டேம்பரைத் திறந்து வைக்கலாம். கொஞ்சம் மீதமும் இருக்கும். இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிதான்.

மே 27, திங்கள்

அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழில்வாணன் சார் முழுக்கப் படித்தார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

"கலையரங்கத்தத் தொடக் கூடாதுன்னு சேர்மன் சொல்லியிருக்காரு. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்." தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பூமிநாதன், நீங்க ஊருக்குப் போகோணுமா, வேண்டாமா?"

மே 28, செவ்வாய்

கௌசிகா கூப்பிட்டாள். மொட்டைமாடியிலிருந்து பேசுகிறாள் போலிருந்தது, காற்று இரைந்தது.

"அப்பா, அம்மா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

"சொல்லும்மா."

"ரிசல்ட் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே வந்துருச்சு. கேன்சர்ப்பா. ரெண்டாவது ஸ்டேஜாம். அப்பா அங்க தனியா இருக்காரு, தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாருன்னு அம்மாதான்…"

அழாதே என்று சொன்னேன். அவள் அழவில்லை. நான்தான்.

ஜூன் ஆறு. ஒன்பது நாள். வாயை மூடிக்கொண்டு ஒன்பது நாள் இருந்தால் போதும்.

மே 29, புதன்

காலையில் மெர்லின் டீச்சர் கண்ட்ரோல் ரூம் வாசலில் வந்து நின்றார். இந்தப் பருவம் முடிந்ததும் அவரை அனுப்பிவிடுகிறார்களாம்.

"நான் கேக்கதுக்கு நேராப் பதில் சொல்லுங்கண்ணே. எட்டு வருசமா பாடம் நடத்துதேன். எங்கயும் ஒரு பிள்ள தூங்கி விழுந்ததில்ல. மகிழினிக்கு அடிபட்டதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. என் மேலதான் தப்பா?"

வரம்பு போட்ட கணினி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மேசைமேல் கை மீட்டர். மீட்டரை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"என்னது இது?"

"பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ பாருங்க. ஒன்பதரைக்குப் பாருங்க. பதினொண்ணுக்குப் பாருங்க. செவுத்துல இருக்க பெட்டிக்குப் பக்கத்துலயே வச்சு, ரெண்டும் தெரியிற மாதிரி போட்டோ எடுத்துக்கங்க."

அவர் மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவர்ப் பெட்டி பொய் சொல்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது தெரிந்தது. புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்துக்கொண்டு போனார்.

மே 30, வியாழன்

நாலு படங்கள். மத்தியானத்துக்குள் பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் வந்துவிட்டன. பஸ் ஆயா ஒருவர் போனில் ஜபருல்லா பார்த்திருக்கிறார். கடைசிப் படத்தில் சுவர்ப் பெட்டி 850, அதன் பக்கத்தில் மீட்டர் 3,180.

சாப்பிடவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

காலையில் வாசலில் நூறு பேருக்கு மேல். மகிழினியின் அப்பா, அம்மா முன்னால் நின்றார்கள். சேர்மனே வந்தார். எழில்வாணன் சார் யாரிடமும் சத்தம் போடாமல், எல்லோரையும் உட்காரச் சொல்லி, விசாரிக்கிறோம் என்றார்.

மாலை என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் கை மீட்டர். டீச்சரிடமிருந்து வாங்கியிருக்கிறார்கள். அதன் பின்புறத்தில் ஒட்டியிருந்த எண்ணும், பக்கத்தில் அதை வாங்கியபோது பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்தும்.

"இது உங்ககிட்ட இருந்துதான போச்சு?"

"ஆமா சார்."

அவர் ஒரு தாளை நகர்த்தினார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. சென்சார்களில் வரம்பு போட்டது என் சொந்தக் கவனக்குறைவு, மேலதிகாரிகள் யாருக்கும் தெரியாது என்று.

"கையெழுத்துப் போட்டா வேல போகும், ஆனா ஆறாந்தேதி நீங்க ஊர்ல. பாஸ்போர்ட், டிக்கெட் ரெண்டும் நானே தர்றேன். போடலைன்னா வெளியில இருந்து ஆள் வந்து விசாரிப்பாங்க. அது முடியற வரைக்கும் நீங்க இங்கதான் இருக்கோணும். ரெண்டு மாசமோ, ஆறு மாசமோ, எனக்குத் தெரியாதுங்க."

நாளைக் காலை வரை நேரம் கொடுத்திருக்கிறார். ஜபருல்லாவிடம் கேட்டேன். "இதுல நான் என்னத்தச் சொல்றது மாப்ள" என்று என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பதினாலு வருஷத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

ஜூன் 3, திங்கள்

இரண்டு விஷயம் கேட்டேன். வரம்பை நானே இன்றைக்கு எடுக்க வேண்டும். மெர்லின் டீச்சருக்குக் கொடுத்த மெமோவைத் திரும்ப வாங்க வேண்டும், அவர் வேலை போகக் கூடாது.

"ரெண்டும் எப்படியும் செய்யத்தான் போறோமுங்க" என்றார். அதற்காக நான் பேரம் பேசியது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டேன். தாளில் இருந்ததில் பாதி பொய். வரம்பு போட்ட விரல் என்னுடையது என்பது பொய் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

நேற்றே வரம்பை எடுத்துவிட்டேன். முப்பத்தொன்றும் நிஜ எண்ணைக் காட்டின, ஒவ்வொன்றாகச் சிவப்பு எரிந்தது. மொட்டைமாடியில் டேம்பர்கள் வரிசையாகத் திறக்கும் சத்தம் கேட்டது, துருப்பிடித்த கதவு மாதிரி.

கலையரங்கத்தையும் இருபத்தெட்டுக்கு ஏற்றினேன். யாரும் சொல்லவில்லை. நான் போனதும் மறுபடி இறக்கிவிடுவார்கள்.

இன்று பதினோரு மணிக்கு யு.கே.ஜி. பக்கம் போனேன். உள்ளே ஒரே இரைச்சல். ஏதோ பாட்டுக்கு மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கதவருகே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூன் 5, புதன்

என் கடிதத்தைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பெற்றோர்கள் நின்று படிக்கிறார்கள்.

மெர்லின் டீச்சர் படிக்கட்டில் எதிரே வந்தார்.

"நீங்களாண்ணே?"

"ஆமா. நாந்தான் போட்டேன்."

"அன்னைக்கு நல்ல மிஷின்னு சொன்னீங்களே. எல்லாம் தெரிஞ்சே சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவர் கண் கலங்கியது. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. எனக்கு வழிவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி, மேலே ஏறிப் போய்விட்டார். மீட்டர் கொடுத்ததும் நான்தான் என்று அவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவரால் முடியவில்லை. என்னாலேயே முடியவில்லை.

ஜூன் 6, வியாழன்

பாஸ்போர்ட் கையில் வந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். படத்தில் எனக்கு மீசை கறுப்பாக இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு, தஞ்சாவூர்

நாளைக் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். வார்டில் பன்னிரண்டு கட்டில். தவமணியுடையது ஓரமாக. ரிசல்ட் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும்.

நான் வந்த இரண்டு நாளும் கேட்காமல் இருந்தவள், வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோரையும் வீட்டில் கேட்கும் கேள்வியை இன்று கேட்டாள்.

"எத்தன நாள் லீவு?"

"லீவு இல்ல. அனுப்பிட்டாங்க."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "என்ன செஞ்சீக?"

சொன்னேன். நடந்ததை மறைக்காமல், முதலிலிருந்து. கௌசிகா கட்டில் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை விழுந்த இடம் வந்தபோது தவமணி என் கையை விலக்கிவிட்டாள். நான் நிறுத்தினேன். "சொல்லுங்க" என்றாள். கையெழுத்துப் போட்டது வரை சொல்லி முடித்தேன்.

பக்கத்துக் கட்டிலுக்குக் கஞ்சி கொண்டுவந்தார்கள். நர்ஸ் வந்து தவமணிக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனார்.

"அந்தத் தாளுல ஒங்க பேரு மட்டுந்தான் இருக்கா?"

"ஆமா."

"செய்யச் சொன்னவன் பேரு?"

"இல்ல."

"அவன் அங்கயேதான் இருக்கான்?"

"ம்."

"அப்ப அடுத்து இன்னொரு ஆளு வருவான். அவன் பொண்டாட்டிக்கும் ஏதாச்சும் ஒண்ணு இருக்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் போட்டேன் என்று சொன்னேன்.

"பாத்தாச்சுல்ல" என்றாள். குரல் உடைந்தது, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "இங்க ஒங்க பாஸ்போர்ட்ட யாரும் பூட்டி வைக்கப் போறதில்ல. வெளிய வந்துட்டீகள்ல? இப்ப எழுதுங்க."

கௌசிகா பள்ளி நோட்டிலிருந்து கோடு போட்ட தாள் நாலு கிழித்துக் கொடுத்தாள். மகிழினியின் அப்பாவுக்கு ஒன்று, மெர்லின் டீச்சருக்கு ஒன்று, பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒன்று. விலாசமும் நம்பரும் ஜபருல்லா அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முதல் தாளை எழுதத் தொடங்கினேன். முப்பத்தொரு அறைகளிலும் வரம்பு போட்டது பூமிநாதனாகிய நான். போடச் சொன்னவர் பெயர் எழில்வாணன். அது மே மாதம் எட்டாம் தேதி, புதன்கிழமை, அவருடைய அறையில்.